மினாமோரியின் இரைப்பை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கத்தியை எடுக்கும் முன் அறுவை அரங்கில் ஏதாவது நகைச்சுவை சொல்லியே ஆகவேண்டும். நான் சொல்லி முடிப்பதற்குள் நோயாளி மயங்கிவிடுவார். மயக்கமருந்துக்குப் பெருமை சேர்க்காமல், என் நகைச்சுவைதான் காரணம் என்பார்கள் செவிலியர்கள்.

மினாமோரி மட்டும் சிரித்துவிட்டுத்தான் தூங்கினார். துறைமுகத் தெருவில், பச்சை மீனைச் சீவிச் சோற்றின் மேல் வைத்துத் தரும் சுஷிக் கடை வைத்திருந்தவர். ஊரில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் கட்டி தெரிந்து என்னிடம் வந்தார். இரைப்பையின் மேல்வாய்க்கு அருகே, சுவருக்குள் புதைந்து, கோழிமுட்டை அளவில் இருந்தது. சுற்றிலும் நெறி கட்டியிருந்தது. நெறி கட்டினால் புற்று பரவிவிட்டது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

திசுப் பரிசோதனை டாக்டர் ஓகுனி, "ஊசி விட்டுத் துளி சதை எடுத்துக் குடுங்க சார். பாத்துச் சொல்லிடறேன்" என்றார்.

"எதுக்கும்மா? வயித்தத் தொறந்து தொறந்தே தல நரச்சவன் நான். கட்டியோட மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, புற்றுதான்."

இரைப்பை முழுவதையும் எடுத்தேன். எடுத்ததைத் தட்டில் வைத்து வீட்டாருக்குக் காட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் மனைவி சதாயேயிடம் காட்டினேன். "பாத்தீங்களாம்மா, பொல்லாத புற்று. ஒரு பொட்டு விடாம வழிச்சிட்டேன்." அந்த அம்மா இடுப்பு ஒடியக் குனிந்தார். நிமிர வெகுநேரமாயிற்று.

சில நாளில் ஓகுனி சிரித்த முகத்தோடு என் அறைக்கு வந்தார். "புற்றே இல்ல சார். நரம்போட உறையில வர்ற கட்டி, ரொம்ப அபூர்வம். பரம சாது. அதுக்குச் சுத்தி நெறி கட்டுறதும் வழக்கந்தான். கட்டிய மட்டும் கிள்ளியிருந்தாப் போதும், ம்... போனது போகட்டும். நல்ல சேதி, நீங்களே சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்" என்றேன். சொல்லத்தான் போனேன். மினாமோரி கட்டிலில் சாய்ந்து அரிசிக் கஞ்சியைக் கரண்டி நுனியால் நக்கிக்கொண்டிருந்தார்.

"வயிறில்லாத சமையக்காரன், பல்லில்லாத நாய் மாதிரி டாக்டர்! இருந்தா என்ன, உயிர் இருக்கே. நீங்க குடுத்தது."

அந்த முகத்தைப் பார்த்து, உங்கள் வயிற்றை வீணாய் எடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? எனக்கு இளகிய மனசு. கஞ்சியில் உப்புப் போதுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

புற்று என்று சொன்னபின் மருந்து கொடுக்காவிட்டால் நன்றாயிராது. எனவே புற்றுக்கான மாத்திரையை எழுதிக்கொடுத்தேன். அதைத் தின்றால் முகம் வீங்கும், கை இழுத்துப் பிடிக்கும். அவருக்கும் அப்படியே ஆயிற்று. மீனை இதழிதழாய்ச் சீவிய விரல்கள் கொக்கிபோல் மடங்கிக்கொண்டன. கடையை மூடினார்கள்.

சதாயே தனியாக வந்து கேட்டார். "ராத்திரியெல்லாம் கை இழுத்து அலறுறாரு டாக்டர். கொஞ்ச நாள் மாத்திரைய நிறுத்திப் பாக்கலாமா?"

நிறுத்தினால் கை சரியாகிவிடும், வேறொன்றும் ஆகாது. எனக்குத் தெரியும்.

"தாராளமா நிறுத்தலாம்மா. அப்புறம் புற்று திரும்பி வந்தா என்னக் கேக்கப்படாது."

அதற்கும் குனிந்து வணங்கிவிட்டுத்தான் போனார்.

ஓகுனி ஒருநாள் அந்தத் தெருப்பக்கம் சாப்பிடப் போய், மூடிய கதவைக் கண்டு, சதாயேயிடம் விசாரித்திருக்கிறார். அதனால்தான் இந்த விசாரணை அறையில் நாம் இப்படி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் எழுதிக்கொண்டது அனைத்தும் சரி. தெரிந்தேதான் செய்தேன், ஒவ்வொரு மாதமும்.

நாளைக்கு அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லப்போகிறீர்களாமே. நல்ல வயிற்றை இழந்தோம், நல்ல கையையும் இழந்தோம் என்று தெரிந்தால் அந்த மனிதர் தாங்குவாரா? இவ்வளவு காலம் நான் ஒருவன் கட்டிக் காத்த நிம்மதி. உங்களில் ஒருவருக்குக்கூடவா இரக்கமில்லை?