ஆடாத மெத்தை

"நீங்க புரண்டு படுத்தா நான் பறக்கிறேன்" என்று அந்த அம்மாள் சொன்னதற்குப் பிறகு என் நாளிதழில் ஒரு வரிகூட நகரவில்லை. கிள்ளானில் மெத்தைக் கடைக்குப் போய்விட்டு, ஒன்றும் வாங்காமல் கொமுட்டர் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த தம்பதி. கணவருக்கு நூறு கிலோ இருக்கும். அம்மாள் அதில் பாதி.

"லேட்டெக்ஸ் மெத்தைல ஒருத்தர் அசைஞ்சா மத்தவருக்குத் தெரியவே தெரியாதாம். உங்க பக்கம் கெட்டியா, என் பக்கம் மெத்துன்னு செஞ்சும் தராங்க. வேற என்ன வேணும்?"

"பழைய ஸ்பிரிங் மெத்தையே போதும் லா."

"காசுக்குப் பார்க்கிறீங்க."

"காசு இல்ல."

"பின்ன? என் முதுகு தாங்கல. ஸ்பிரிங்குதான்னா இன்னையிலேர்ந்து நான் ஹால்ல படுத்துக்கிறேன்."

ஷா ஆலாம் ஸ்டேஷன் வரை கணவர் வாய் திறக்கவில்லை. என் மௌனத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அவருக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

"போன வருஷம் பாத்ரூம்ல மயங்கி விழுந்தியே. நீ எழுந்தப்ப மெத்தை ஆடுச்சு, அதான் முழிச்சேன். ரொம்ப நேரமா ஆளைக் காணோமேன்னு வந்து பார்த்தேன். ஆடாத மெத்தைல நீ எழுந்து போனா எனக்கு எப்படித் தெரியும்?"

அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்து தீகா ஸ்டேஷனில் சிலர் ஏறினார்கள்.

"தட்டி எழுப்பிட்டுத்தான் போவேன். அப்புறம் தூக்கம் கெட்டுச்சுன்னு என்னைத் திட்டக் கூடாது."

"திட்ட மாட்டேன்."

"அப்போ அடுத்த ஸ்டேஷன்ல இறங்குங்க, திரும்பிப் போலாம். கடை ஆறு மணி வரைக்கும்தான்."