பச்சைத் துண்டு

ஈரத் துண்டு என்றாலே எனக்கு ஆகாது. குளித்துவிட்டுத் துண்டைச் சுருட்டிக் கதவின்மேல் போட்டுவிட்டுப் போகிறவர்கள் வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பாதி சோப்பு, பாதி அழுக்கு, மேலே கொஞ்சம் பூஞ்சை, அந்த வாடை அப்படி. உங்கள் ஸ்டேஷன் கழிப்பறையிலும் ஒன்று தொங்குகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போய்வந்தேன். யாரையாவது விட்டு வெயிலில் போடச் சொல்லுங்கள்.

என் அக்கா எப்படிச் செத்தாள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன், எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் என் வரிசையில்தான் சொல்வேன். காலமெல்லாம் கொலைகாரர்கள் எதிரே உட்கார்ந்து கதை கேட்டவன் நான். நடுவில் புகுந்து கேள்வி கேட்டால் ஆள் பொய்க்குத் தாவிவிடுவான். அதனால் நீங்கள் பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள், நான் ஒழுங்காகச் சொல்லி முடிக்கிறேன்.

பத்திரிகையில் சேர்ந்த புதிதில் குற்றச் செய்திக்கு யாரும் போக மாட்டார்கள். சினிமா பக்கத்துக்கு அடிதடி, விளையாட்டுப் பக்கத்துக்குச் சிபாரிசு. மிஞ்சியது பிணவறை. அதை என் தலையில் கட்டினார்கள். முதல் நாள் போனபோது அங்கே வேலை பார்க்கிறவர் மேஜையின் ஒரு மூலையில் டப்பாவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேஜையின் மற்ற இடத்தில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டாம் இல்லையா. "வாங்க சார், சாப்பிடுறீங்களா?" என்றார், வாயில் சோற்றோடு. வெளியே ஓடி வாந்தி எடுத்துவிட்டு, திரும்பி உள்ளே வந்து, அந்த வாடையை அப்படியே எழுதினேன். மறுநாள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு முதுகில் தட்டினார்.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டதுதான் என் பிழைப்பு. மற்றவர்கள் ரத்தத்தை எழுதுவார்கள், நான் வாடையை எழுதுவேன். முதல் புத்தகம் வந்த பிறகு என்னைக் கண்டால் வரிசையில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து, "சார், அந்த ரூம்ல நெஜமாவே அப்படித்தான் நாத்தம் அடிச்சுதா? படிச்சுட்டு ரெண்டு நாள் சோறு எறங்கல சார். சூப்பர்" என்றாள். நான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். உள்ளுக்குள் சீ என்று இருந்தது. மற்றவர் வீட்டுச் சாவை விரலில் எச்சில் தொட்டுப் புரட்டிப் புரட்டிப் படிக்கிற ஜனங்கள். அவர்கள் தொட்ட பேனாவைக்கூட நான் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை.

ஒன்று மட்டும் உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன். நான் எழுதியதில் கற்பனை கிடையாது. பூசி மெழுகுவதும் கிடையாது. சுவர் மஞ்சள் என்று எழுதினால் அது மஞ்சள்தான். போய் நின்று பார்த்திருப்பேன். என் புத்தகத்தில் ஒரு பிழை கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பிய வக்கீல்கள் எல்லாம் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் எழுதுவேன். எங்கே போய்ச் சேரவேண்டும் என்று தெரியாமல் நான் வண்டியைக் கிளப்புவதில்லை. முடிவு கையில் இருந்தால் மற்றதெல்லாம் தானே வந்து உட்காரும். இந்தத் தொழிலில் நிறையப் பேர் அப்படித்தான், வெளியே சொல்ல மாட்டார்கள்.

இப்போது பொறுமை சிஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஹோம் நர்ஸை எல்லா வீட்டிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். படுக்கையில் கிடக்கிற கிழவிகளைத் தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, எதற்கும் முகம் சுளிக்க மாட்டாள் என்று பெயர். நான் அவளை முதலில் பார்த்தது ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை வீட்டில். தனியாக இருக்கும் முதியவர்களைப் பற்றி ஒரு கட்டுரைக்காகப் போயிருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து செத்திருந்தார். மகன் போனில் பேசிக்கொண்டிருந்தார். நர்ஸ் மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல் குளியலறைக்குள் போய் நின்றேன்.

குழாயின்மேல் ஒரு ஈரத் துண்டு. நன்றாகப் பிழிந்து, நாலாக மடித்து, ஓரம் ஓரத்தோடு பொருந்தப் போட்டிருந்தது. எனக்குக் குமட்டியது. குமட்டினாலும் நான் பார்ப்பதை நிறுத்த மாட்டேன், அதுதான் என் தொழில். வழுக்கி விழுந்த கிழவி துண்டை மடித்துவைத்துவிட்டா விழுந்திருப்பாள்? எஜமானி தரையில் கிடக்கும்போது எந்த நர்ஸ் நின்று நிதானமாகத் துண்டு மடிப்பாள்?

சில வாரம் கழித்து ஒரு தையல்காரரின் அம்மா செத்தார். எங்கள் தெருவுக்குப் பின்தெரு. அதே நர்ஸ், அதே குளியலறைச் சாவு. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பக்கெட் விளிம்பில் அதே நாலு மடிப்பு. துண்டின் நடுவில் மட்டும் இலேசாகச் சளி மாதிரி ஒரு வழுவழுப்பு. மூக்கும் வாயும் அழுந்துகிற இடம். நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். நானும் சுளித்தேன். தையல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த சிஸ்டர் மட்டும் இல்லன்னா அம்மா இவ்ளோ நாள் இருந்திருக்க மாட்டாங்க சார்" என்று அழுதார். அவர் கையும் ஈரமாக இருந்தது. வெளியே வந்ததும் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே உங்களிடம் வந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம். அந்தத் துண்டைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போயிருக்கும், செய்தி மூன்றாம் பக்கத்தில் ஒரு ஓரத்தில் வந்திருக்கும், மறுநாள் அந்தக் காகிதத்தில் யாராவது செருப்பைச் சுற்றியிருப்பார்கள். என் பதிப்பாசிரியரிடம் மட்டும் ஆள் யார் என்று சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, "ரெண்டு பாட்டிங்க பாத்ரூம்ல செத்துட்டாங்க. இது ஞாயித்துக்கிழமை கட்டுரைக்குச் சரி சார். புத்தகம்னா கடைசில நெஞ்சுல அடிக்கணும். உங்களுக்கே நெருக்கமா ஏதாவது இருந்தா வேற லெவல்ல போகும்" என்றார். நனைந்த பிஸ்கட் பொத்தென்று டீக்குள் விழுந்தது. ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டார். எனக்கு அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.

அவர்மேல் நான் பழி போடவில்லை. அவர் சொன்னது இலக்கியம் பற்றி.

என் அக்கா அப்போது இடுப்பு எலும்பு உடைந்து படுக்கையில் கிடந்தாள். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் என்னை வளர்த்தது அவள்தான். எல்லாரையும் குளிப்பாட்ட வீட்டில் ஒரே துண்டு. தம்பிமார் எல்லாரையும் துவட்டிய துண்டால் கடைசியில் என் முகத்தை அழுத்தித் துடைப்பாள். மூச்சு முட்டும். கத்தினால், "சும்மா இருடா, அழுக்குப் போக வேணாமா?" என்பாள். பாசம்தான். இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த வாடை மட்டும் இன்றுவரை மூக்கை விட்டுப் போகவில்லை.

அக்காவைப் பார்த்துக்கொண்டது அவள் மகள். வேலைக்கும் போய்க்கொண்டு, அம்மாவையும் தூக்கி இறக்கி, பிள்ளை துரும்பாக இளைத்துவிட்டாள். "மாமா, நல்ல ஆளா யாராவது இருந்தா சொல்லுங்களேன்" என்றாள். அவளாகக் கேட்டதுதான் இது, எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பொறுமை சிஸ்டரைப் போய்ப் பார்த்தேன். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள். அவ்வளவு சுத்தமான கையை நான் பார்த்ததில்லை. "எங்க அக்காவுக்கு ஒரு ஆள் வேணும் சிஸ்டர்" என்றேன். அவளுக்கு என்னைத் தெரியும். இரண்டு வீட்டுக் குளியலறையிலும் நான் நின்றதைப் பார்த்தவள்.

"நீங்களா கூப்பிடுறீங்க சார்?"

"நான்தான் கூப்பிடுறேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க சார். சொந்த அக்கா."

"யோசிச்சுட்டேன்" என்றேன்.

இதற்குமேல் எங்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது. அவளை எதையும் செய்யச் சொல்லி நான் சொல்லவில்லை. அவளும் என்னிடம் எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. வேலைக்கு ஆள் சேர்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

அவள் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் நான் அக்கா வீட்டுக்குப் போய்க் குளியலறை வாசலில் நின்று பார்த்தேன். தரை ஓடு, வெடித்த சோப்புப் பெட்டி, ஒழுகும் குழாய், ஓரம் நைந்த பச்சைத் துண்டு. அக்கா படுக்கையிலிருந்தே, "என்னடா, பாத்ரூமையே பாத்துட்டு நிக்கிற? கொழாய் ஒழுகுதுன்னா சரி பண்ணிக் குடேன், பெரிய எழுத்தாளரு" என்று கேலி செய்தாள். ஒரு வாஷர் வாங்கி வந்து குழாயைச் சரிசெய்தேன். புத்தகத்துக்கு ஒழுகுகிற குழாய் நன்றாகத்தான் இருந்திருக்கும், ஆனாலும் சரிசெய்தேன். இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். புறப்படும்போது அக்கா மகளிடம், "அந்தத் துண்டு நாத்தம் தாங்கலம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கடைசி அத்தியாயத்தை எழுதினேன். அவ்வளவு சுத்தமாக நான் எதையும் எழுதியதில்லை. எழுதும்போது அழுதேன்.

அப்புறம் அக்கா போன் செய்தாள். குரலை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"தம்பி, இந்த சிஸ்டர் வேணாம்டா. மொகத்துல தண்ணிய ஊத்திட்டு, துண்ட கையில வச்சுட்டு, என்னையே பாத்துட்டு நிக்கிறா. எனக்கு என்னமோ பயமா இருக்கு. பொண்ணுகிட்ட சொன்னா பாவம், அவ என்ன செய்வா. நீ சொல்லி நிறுத்திடு."

"நான் நல்லா விசாரிச்சுட்டுத்தான்க்கா அனுப்பினேன்" என்றேன்.

பொய்யில்லை. அந்த நர்ஸை என் அளவுக்கு விசாரித்தவர் இந்த ஊரில் யாருமே கிடையாது.

"நீ சொன்னா சரிடா" என்றாள் அக்கா. பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

செய்தி வந்தபோது நான் போனேன். அக்காவைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். தலைமுடி ஈரமாக இருந்தது. பார்த்தேன், கும்பிட்டேன், அக்கா மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டேன். குளியலறைக்கு மட்டும் போகவில்லை. போகத் தேவையிருக்கவில்லை, அந்த அத்தியாயம்தான் எழுதியாயிற்றே. அன்றே உங்கள் அலுவலகத்துக்கு வந்து நர்ஸைப் பற்றி எல்லாம் சொன்னேன். நீங்கள்தான் அவளைக் கைது செய்தீர்கள். எனக்குக் கைகொடுத்தீர்கள். நினைவிருக்கும். அவள் என்னைக் காட்டி ஏதோ சொன்னபோது, பைத்தியம் உளறுகிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

புத்தகம் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். சொந்த அக்காவைப் பறிகொடுத்தும் கொலைகாரியை விடாமல் பிடித்த மனிதன் என்று மேடைக்கு மேடை மாலை போட்டார்கள். கடைசி அத்தியாயத்தை வாசிக்கச் சொல்வார்கள், வாசித்தால் கூட்டம் விம்மும். விம்மிவிட்டு வெளியே போய் வயிறு முட்டத் தின்னும். மனிதர்களைக் கண்டாலே எனக்கு அருவருப்பு வந்துவிட்டது.

அக்கா மகள் மட்டும் புத்தகத்தைத் தொடவில்லை. தாங்காது மாமா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போன வாரம்தான் படித்திருக்கிறாள். நேரே என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாமா, கொழாய் மேல நாலா மடிச்ச பச்சைத் துண்டுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா."

"நாத்தம் அடிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? மறுநாளே தூக்கிப் போட்டுட்டேனே. அன்னிக்கு இருந்தது வெள்ளைத் துண்டு. நீங்க பாத்ரூம் பக்கமே வரல. அப்ப இத எப்ப மாமா எழுதினீங்க?"

பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே பின்வாங்கி நகர்ந்தாள். சுவரோரமாக ஊர்கிற எதையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வாசலில் குனிந்து வாந்தி எடுத்தாள். அதன்பிறகுதான் உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், ஆம். அந்த நர்ஸ் என்ன செய்வாள் என்று தெரிந்துதான் அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். அக்கா பயந்து போன் செய்தபோதும் தெரிந்துதான் அவளைச் சமாதானப்படுத்தினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். உங்கள் பேனா வேண்டாம், என்னிடம் இருக்கிறது.

ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். பதிப்பாசிரியரிடம் சொல்லி அடுத்த பதிப்பில் திருத்திவிடச் சொல்லுங்கள். துண்டு வெள்ளை. நேரில் போய்ப் பார்க்காமல் எழுதிவிட்டேன். இத்தனை வருடத்தில் நான் செய்த ஒரே தப்பு அதுதான்.