சாம்பல் மழைக்கு டிரம்ஸ் அடித்த கிறிஸ்துநாயகம்

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அருட்தந்தை அருள்நாயகம் அவர்களே, புடாபெஸ்டிலிருந்து விமானம் ஏறி வந்து மேடையில் அமர்ந்திருக்கும் நண்பர் கபோர் அவர்களே, கிறிஸ்துநாயகத்தின் துணைவியார் பேர்ணடெற் அவர்களே, மகள் றஜிதாவே, ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டிலும் டோர்செட் பார்க்கிலும் இருந்து இந்தப் பனிக்குள் பஸ் பிடித்து வந்திருக்கும் உறவுகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் விநாயகமூர்த்தி. புடாபெஸ்டில் பொறியியல் படித்த காலத்தில் கிறிஸ்துநாயகத்தோடு ஒரே விடுதி அறையில் இருந்தவன்.

உங்களுக்கு அவரை எப்படித் தெரியும்? பிளாஸ்ரிக் தொழிற்சாலையின் மேற்பார்வையாளராகத் தெரியும். பூசை முடிந்ததும் கதிரை அடுக்குகிறவராகத் தெரியும். ஹங்கேரி நாட்டில் பிளாக் மெற்றல் என்ற இசையை முதன்முதலில் வாசித்த குழுவுக்கு டிரம்ஸ் அடித்தவர் எங்கள் மன்னார்க் கிறிஸ்துநாயகம் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பல்கலைக்கழகச் சாப்பாட்டு மண்டபத்தில் கரண்டியால் மேசையில் தட்டிக்கொண்டிருந்தவரைக் கபோர்தான் கண்டுபிடித்தார். கபோரின் குழுவுக்கு ‘சாம்பல் மழை’ என்று பொருள்படும் ஒரு ஹங்கேரியப் பெயர். முதல் நாள் ஒத்திகைக்கு நானும் போனேன். கிற்றார், இரும்பு அறுப்பது போல இருந்தது. கபோரின் குரல், தொண்டை கிழிவது போல இருந்தது. அதற்குப் பின்னால் இவருடைய டிரம்ஸ், கட்டறுத்துக்கொண்டு ஓடுகிற குதிரை போல. நான் காதைப் பொத்திக்கொண்டேன். இவரோ சிரித்துக்கொண்டே அடித்தார்.

அந்தப் பாட்டுகளில் பிசாசு வரும். அருட்தந்தையின் முன்னிலையில் அதை நான் மறைக்கவில்லை. “ஞாயிறு பூசைக்குப் போற நீ, பிசாசைப் பாடுற பாட்டுக்கு ஏன் அடிக்கிறாய்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இஞ்சை பிசாசு எண்டு பாடினா, ஆரைச் சொல்லுறம் எண்டு கேக்கிற எல்லாருக்கும் தெரியும், மச்சான்” என்றார்.

அரசாங்கத்துக்கும் தெரிந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த அந்த நாட்டில் அப்போது ஒரு பாட்டை மேடையில் பாட அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் ஓர் இளைஞர் மன்றத்தில் பாடினார்கள். பொலிஸார் வந்து வாத்தியங்களை எடுத்துப்போனார்கள். பதிவு செய்து வைத்திருந்த கசற்றுகளையும் எடுத்துப்போனார்கள். அடுத்த நாள் மண்ணிறக் கோட்டுப் போட்ட ஓர் அதிகாரி எங்கள் அறைக்கு வந்தார். கட்டிலைப் புரட்டினார். மேசையிலிருந்து ஒரு கசற்றை எடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார். கிறிஸ்துநாயகத்தின் தாயார் மரியம்மா மன்னாரிலிருந்து அனுப்பிய கசற் அது. அவருடைய கையெழுத்தில் இருந்ததை அப்படியே வாசித்துச் சொன்னேன்: மாதா பாடல்கள். அதிகாரி அதைத் திரும்ப வைத்துவிட்டார். வெற்றுக் கசற் வாங்க வழியில்லாமல், அதற்கு மேல்தான் ‘சாம்பல் மழை’யின் முழுப் பாட்டுகளையும் கிறிஸ்துநாயகம் பதிந்து வைத்திருந்தார் என்பதை, அதிகாரி போன பிறகுதான் என்னிடம் சொன்னார்.

பிறகு அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பாட்டுகளை எழுதியவர் யார் என்று சொன்னால் படிக்கலாம். சொல்லாவிட்டால் புலமைப்பரிசில் இல்லை, கொழும்புக்குத் திருப்பி அனுப்புவோம் என்றார்கள். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, ஒரு தமிழ்ப் பொடியனுக்குக் கொழும்பு என்றால் என்ன அர்த்தம் என்று இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டுமா?

“சொல்லிப்போட்டு விடு. உன்ரை படிப்பு, உன்ரை உயிர்” என்றேன்.

“எனக்கு ஓடுறதுக்கு வேறை நாடு இருக்கு. பாட்டெழுதின கபோருக்கு எங்கை இருக்கு? அவன் மறியலுக்குத்தான் போவான்.”

அவர் சொல்லவில்லை. ஒரு கைப்பையோடு வியன்னாவுக்கு ரயில் ஏறினார். பைக்குள் அந்தக் கசற் இருந்தது. அங்கிருந்து கனடாவுக்கு வந்தார். பட்டம் பெறவில்லை. கபோர் சிறைக்குப் போகவில்லை. ஆனால் குழு உடைந்தது, பாட்டுகள் அழிந்துபோயின என்றுதான் அந்த நாடு நினைத்தது.

அழியவில்லை. டோர்செட் பார்க்கில் ஓர் அப்பாட்மென்ற்றில், இரண்டு கசற் போடுகிற றேடியோவில், கேட்டவர்களுக்கெல்லாம் பிரதி எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார் கிறிஸ்துநாயகம். இந்த இசையின் ரசிகர்கள் நாடு விட்டு நாடு தபாலில் கசற் மாற்றிக்கொள்வார்கள். பிரேசிலிலிருந்து கேட்டார்கள், ஜப்பானிலிருந்து கேட்டார்கள். அந்தப் பிரதிகளிலிருந்து பிரதிகள் பிறந்தன. ஹங்கேரியில் ஆட்சி மாறிச் சில வருடங்களுக்குப் பிறகு, புடாபெஸ்டில் ஒரு கடைக்காரர் கபோரிடமே அந்தக் கசற்றை விற்றார். தன்னுடைய இளமைக் குரலைத் தானே விலை கொடுத்து வாங்கிய கபோர், விசாரித்து விசாரித்து இந்த ஊர் நம்பரைப் பிடித்துத் தொலைபேசியில் அழைத்தார். “டிரம்ஸ் அடித்தவரைத் தேடுகிறேன்.” இவருக்கு ஹங்கேரி மொழி பாதி மறந்துபோயிருந்தது. “அது நான்தான்” என்ற ஒரு வசனம் மட்டும் வாயில் வந்ததாம். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் அழுகை.

கடந்த கோடையில் ‘சாம்பல் மழை’ ரொறன்ரோவுக்கு வந்து வாசித்தது. டிரம்ஸில் யார்? நரைத்த தலையோடு எங்கள் கிறிஸ்துநாயகம். பேர்ணடெற் முன்வரிசையில் காதுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன். அந்தக் கோடையைக் கிறிஸ்துநாயகத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் இந்தத் தை மாதத்தில் மாரடைப்பு அவரை எங்களிடமிருந்து பறித்தது.

அடக்கம் முடிந்த பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். போலந்திலிருந்து யாரோ பாட்டுக் கேட்டிருந்தார்கள். என்ன செய்வது என்று நான் தயங்கினேன். பேர்ணடெற் சொன்னார்:

“அண்ணை, அந்தச் சத்தம் எனக்கு இப்பவும் பிடிக்கேல்லை. ஆனா வீடு சத்தமே இல்லாமல் கிடக்கு. வாங்கோ, கொப்பி எடுப்பம்.”

எடுத்தோம். இனியும் எடுப்போம். உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் கேட்டாலும் டோர்செட் பார்க்கிலிருந்து பதில் போகும். அவர் காப்பாற்றியதை நாங்கள் கைவிட மாட்டோம். கபோர் சாட்சியாக, இந்தச் சபை சாட்சியாக இதைச் சொல்கிறேன்.

இத்தகைய கூட்டத்தில் எழுந்து நின்று மௌனம் காப்பது வழக்கம். மௌனம் வேண்டாம் என்று பேர்ணடெற் கேட்டுக்கொண்டார். அருட்தந்தையும் சம்மதித்திருக்கிறார். பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் அவர்களின் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். றஜிதா, அந்தக் கசற்றைப் போடு பிள்ளை.