மச்சானைக் கொன்றவர்

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் தன் கணவரிடம் சொன்னார்: "எங்கண்ணன நீங்கதான கொன்னீங்க. நீங்களே போன் பண்ணிச் சமாதானம் பேசுங்க. புள்ளைக்குக் காது குத்த மாமன் மடி வேணும்ல."

"கம்ப்யூட்டர் கேம்ல செத்ததுக்கு இம்புட்டுக் கோவமா? நான் விட்டது வட்டமடிச்சு ஆளத் தேடிப் பாஞ்சு வெடிக்கிற ட்ரோன். ஒரே டீமுன்னாலும், மேலருந்து பாத்தா எல்லாருமே எதிரியாத்தான் தெரியிறாங்க."

"நெசச் சண்டையிலயும் இதத்தான சொல்றாய்ங்க."

அவர் மச்சானுக்குப் போன் போட்டார். சற்று நேரம் 'ம்' கொட்டிவிட்டு வைத்தார்.

"காதுகுத்துக்கு வாராராம். ஆனா கேம்ல இனி எனக்கு ட்ரோன் கெடையாதாம். சாமான் லாரிதான் ஓட்டணுமாம்."

"அதையாவது ஆள் மேல ஏத்தாம ஓட்டுங்க" என்றார் அந்தப் பெண்.