ஐம்பத்தேழு முறை ஊதியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் முதலாளி அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் மகளே, என்னோடு பட்டறையில் வேலை செய்யும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மேற்பார்வையாளன் என்பதால் இந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். கையில் ஒரு தாளையும் திணித்தார்கள். ‘பட்டை அக்கா நம் பட்டறையின் மாணிக்கம்’ என்று அது தொடங்குகிறது. அதை நான் படிக்க மாட்டேன். மாணிக்கத்துக்கு நுரையீரல் கிடையாது. அக்காவுக்கு இருந்தது. அதைத்தான் நாம் தின்று தீர்த்தோம்.

பத்தொன்பது ஆண்டுகள் படிகக் கல்லுக்குப் பட்டை தீட்டியவர் அவர். ஒரு கல்லுக்கு ஐம்பத்தேழு பட்டை. ஒவ்வொரு பட்டைக்கும் கல்லைச் சக்கரத்திலிருந்து எடுத்து, வாயால் தூசியை ஊதி, லென்ஸில் பார்க்க வேண்டும். ஊதுவதற்கு முன் மூச்சை இழுக்க வேண்டுமே, எதை இழுத்தார்? ஊதிப் பார்க்காதவனுக்குத் தொழில் தெரியாது என்று பெருமை பேசிய முட்டாள்கள் நாம்.

சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்டினால் தூசி எழும்பாது. அக்கா அதைக் கேட்டது ஒரு முறையா, இரண்டு முறையா? கேட்டு அலுத்துப்போய், ஒரு பிளாஸ்டிக் குப்பியில் ஊசியால் துளையிட்டு, தண்ணீர் ஊற்றித் தன் சக்கரத்துக்கு மேலே கட்டிக்கொண்டார். முதலாளி அவர்களே, அன்று என்ன சொன்னீர்கள்?

“தண்ணி சொட்டினா பட்டை சரியா தெரியாது, வேலை இழுக்கும். கழட்டிப் போடச் சொல்லு.”

கழற்றியது யார்? இந்தக் கை. அக்கா சண்டை போடவில்லை. “தம்பி, நீயும் இதே காத்தைத்தானே இழுக்குறே?” என்று மட்டும் கேட்டார். நான் காதில் விழாததுபோல நகர்ந்துவிட்டேன்.

இருமல் வந்தது. ‘வீட்டு அடுப்புப் புகைதான் காரணம்’ என்று பட்டறையிலிருந்து மருத்துவருக்குக் கடிதம் போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எத்தனை பேர் கூடினோம்! கடைசி மாதத்தில், சூடான பாலை ஊதி ஆற்றக்கூட அவருக்கு மூச்சு இல்லை. மகள்தான் ஊதிக் கொடுத்தாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தைவிடக் கோபமாக இருக்கிறது.

இதோ அந்தக் குப்பி. மூன்று ஆண்டுகளாக என் மேசை இழுப்பறையில் கிடந்தது. நாளைக் காலை அக்காவின் சக்கரத்துக்கு மேலே இதை நானே கட்டுவேன். எல்லாச் சக்கரத்துக்கும் ஒன்று கட்டும்வரை பட்டறையில் மின்சாரம் போடமாட்டேன். மின்பெட்டியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. தோழர்களே, ஆளுக்கு ஒரு குப்பி கொண்டு வாருங்கள்.

முதலாளி கழற்றச் சொல்லுவார். அவரே வந்து கழற்றட்டும். அந்த வேலைக்கு இனி என் கை வராது.