நம்பர் இல்லாத சென்சார்

வலது தோள்பட்டை விடிந்ததிலிருந்தே குத்துகிறது. விசாரிக்க வந்திருக்கிறீர்கள், கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தபடியே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தட்டச்சு செய்கிறவனுக்கு வருகிற வலிதான். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் முதுகைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு வலியே இல்லை.

பகலில் எனக்குத் தொழிற்சாலை வேலை. மிச்ச நேரத்தில் ஒரு மென்பொருள் நூலகத்தை, அதாவது எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பை, பராமரிக்கிறேன். வாயுக் கசிவை அளக்கும் சென்சார்கள் அனுப்புவதை அது கணினிக்குப் புரியவைக்கும். யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், எனக்குக் கூலி கிடையாது. எடுத்தவர்கள் நன்றி சொல்ல வருவதில்லை. ஓடவில்லை என்று சொல்லத்தான் வருவார்கள். அதனால் ஒரு விதி வைத்தேன். உதவி கேட்கிறவர் படிவத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும். ஒன்று விட்டாலும் பதில் சொல்லாமல் அந்தக் கேள்வியை மூடிவிடுவேன். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே விதி.

போன பதிப்பில் பழைய சென்சார்களுக்கான பகுதியை வெட்டி எறிந்தேன். புரியாத எதையும் பிழை என்று காட்டாமல் சுழியம் என்று காட்டும்படி எழுதினேன். திரை சுத்தமாக இருந்தது.

யுகேந்திரன் ஓர் ஐஸ் ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவன். அம்மோனியா ஓடும் குழாய்கள் உள்ள இடம். அவன் எழுதிய படிவத்தில் சென்சாரின் மாடல் நம்பர் இல்லை. மூடினேன். மறுபடி எழுதினான், மறுபடி மூடினேன். எங்கேயோ என் எண்ணைப் பிடித்து ஃபோன் செய்தான்.

"கெல்வின் அண்ணே, உங்கள வெள்ளக்காரன்னு நெனச்சேன் லா. இங்க பக்கத்துலயே, கெலுகோர்ல உக்காந்திருக்கீங்க."

"ஃபோன்ல பாக்கறதில்ல தம்பி. அங்கயே எழுதுங்க."

"எழுதுனா கதவச் சாத்துறீங்களே. நம்பர் துருப்பிடிச்சுப் போச்சுண்ணே, அவ்வளவு பழைய சாமான். புதுசு வாங்க முதலாளி விடமாட்டாரு. அம்மோனியா நனைச்ச துணிய வச்சாக்கூட சீரோங்குது. பழைய வெர்ஷனுக்கே திரும்பிட்டா சரியாயிடுமா? அத மட்டும் சொல்லுங்க, தே தாரேக் டீ என் செலவு."

"நம்பர் இல்லாம ஒண்ணும் சொல்ல முடியாது."

விடை எனக்குத் தெரியும். அவன் கேட்டு முடிப்பதற்குள்ளேயே தெரியும். அங்கே சுழியம் என்றால் அலாரம் அடிக்காது என்பதும் தெரியும். ஆனால் ஒருவனுக்குச் சொன்னால் நாளைக்கு எல்லாரும் ஃபோன் செய்வார்கள். ஃபோனை வைத்துவிட்டு மீ கோரெங் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் அந்த ஆலையில் அம்மோனியாக் குழாய் விரிசல் விட்டது. அலாரம் அடிக்கவில்லை. உள்ளே ஐஸ் பாளம் தூக்கிக்கொண்டிருந்த இருவரும், அவர்களை இழுத்துவர ஓடிய யுகேந்திரனும் திரும்பவில்லை. செய்தியைப் படித்ததும் அவன் எழுதிய இரண்டு படிவங்களையும் அழித்தேன். பழைய சென்சார்கள் வேலை செய்யாது என்ற எச்சரிக்கையை, முன்பே இருந்ததுபோல, பக்கத்தின் உச்சியில் சேர்த்தேன். நீங்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நானே சொல்கிறேன்.

கொன்றான் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன். ஆனால் விதியில் தப்பில்லை. நம்பரை மட்டும் எழுதியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். ‘ஆமாம், பழையதற்கே திரும்பிவிடு’ என்ற அந்த ஒரு பதில், யுகேந்திரனுக்கு நான் இன்னும் பாக்கி.