அம்மாவுக்கு ஊத்தின தயிர்

— மூடி வைடா அதை. தயிரப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?

— பின்ன எதுக்கு வந்தே? சொல்லாம கொள்ளாம, வேலை நாள்ல...

— ஒரு விஷயம் சொல்லணும்.

— சொல்லுவே, சொல்லுவே. முதல்ல இதைப் பாருக்கா. எப்படிக் கெட்டியா வந்திருக்கு! கரண்டிய நட்டா நிக்கும்.

— ம். நல்லாத்தான் இருக்கு. எதை வெச்சு உறை ஊத்தினே?

— இது என்ன கேள்வி? முந்தின நாள் தயிர்லேர்ந்து ஒரு கரண்டி.

— டேய்... நான் குடுத்த உறைக் குழாய்ங்க?

— ஃப்ரீசர்ல பத்திரமா இருக்கு. ஒண்ணுதான் திறந்தேன். லேப்லேர்ந்து ஒளிச்சு எடுத்துட்டு வந்தே, மாட்டினா வேலை போயிடும்னே. அதான் சிக்கனமா...

— நல்ல சிக்கனம்! ஒவ்வொரு தடவையும் புதுக் குழாய்ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.

— தயிர் தயிர்தானேக்கா. ஒரு கரண்டி இருந்தா ஆயுசுக்கும் வரும்.

— தயிர் வரும். மருந்து வராது. சாதாரணத் தயிர்க் கிருமிக்கு, காளான்ல இருக்கிற அந்தப் பொருளைச் செய்யக் கத்துக் குடுத்திருக்கோம்...

— போதைக் காளான். தெரியும்.

— போதை ஏறாத அளவுடா. துளியூண்டு. இறுகிப்போன மனசு கொஞ்சம் இளகட்டும்னு. ஆனா அந்தக் கிருமிக்கு அது வீண் சுமை. சுமையக் கீழ போட்டது வேகமா பெருகும், சுமக்கிறது பின்தங்கிடும். நாலு தடவை மாத்தி மாத்தி ஊத்தினா பாத்திரம் முழுக்க சும்மா இருக்கிற கூட்டம்தான்.

— எங்க ஆபீஸ் மாதிரி.

— சிரிக்காதடா.

— சரி... சிரிக்கல.

— அப்போ அம்மா சாப்பிட்டதெல்லாம் வெறும் தயிர்.

— ம்.

— அப்புறம் எப்படி எந்திரிச்சாங்க? ஜன்னல்கிட்ட வந்து நின்னாங்கன்னே. தலை சீவி விடச் சொன்னாங்கன்னே. எதிர் வீட்டுப் பூனையப் பார்த்துச் சிரிச்சாங்கன்னு நேத்துக்கூடச் சொன்னேல்ல?

— சொன்னேன்.

— தள்ளு. பார்த்துட்டு வரேன்.

— தூங்குறாங்க.

— தூங்குற முகத்தப் பார்க்கக் கூடாதா?

— டீ போடுறேன், உட்காருக்கா. வெயில்ல வந்திருக்கே...

— வழிய விடுடா.

— போகாத. நான்... நானே சொல்லிடுறேன். அம்மா எந்திரிக்கலக்கா.

— இன்னைக்கா?

— என்னைக்குமே. அப்பா போனப்போ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தாங்கல்ல, அப்படியேதான். கரண்டிய வாய்கிட்ட கொண்டு போனா பல்லக் கடிச்சுக்கிறாங்க. நர்ஸ் வந்து கையில குளுக்கோஸ்தான் ஏத்துறாங்க. இப்படியே போனா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

— தயிர்?

— நான்தான் தின்னேன். கொட்ட மனசு வரல.

— பாவி... ஏன்டா போன்ல அப்படிச் சொன்னே? பூனை வரைக்கும்...

— முதல் நாள் உண்மையச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ எடுத்ததும் "சாப்பிட்டாங்களா"ன்னு கேட்டே பாரு, அந்தக் குரல்... இல்லன்னு சொன்னா நீ உடைஞ்சிடுவேன்னு பயமா இருந்துச்சு. சாப்பிட்டாங்கன்னு சொல்லிட்டேன். அப்புறம் நிறுத்த முடியல. திட்டுக்கா. அறையணும்னா அறை. எல்லாம் என் தப்புதான். ஒழுங்கா புதுக் குழாயில ஊத்தி, எப்படியாவது ஊட்டியிருந்தா... இன்னும் குழாய் இருக்கே! இன்னைக்கே ஊத்துவோம். ரெண்டு பேருமா கெஞ்சுவோம். உன்னைப் பார்த்தா வாயத் திறப்பாங்க. ஒரு வாய் இறங்கினா போதும்ல?

— வேணாம்டா.

— ஏன்? ஃப்ரீசர்ல கெடாதுன்னு நீதானே சொன்னே?

— கெடறதுக்கு அதுல ஒண்ணுமில்ல.

— என்ன சொல்றே?

— கடையில வாங்கின தயிரத்தான் குழாய்ல அடைச்சுக் குடுத்தேன்.

— அப்போ இவ்வளவு நேரம் சுமை, கூட்டம்னு...

— அது பொய் இல்ல. எங்க லேப்லயே அதுதான் நடந்துச்சு. எத்தனையோ விதமா செஞ்சு பார்த்தோம், நாலு நாள்ல சுமையப் போட்டுட்டுப் பழைய தயிராவே நின்னுச்சு. முதலாளி இழுத்து மூடிட்டார். இருந்ததையெல்லாம் வேக வெச்சுக் கொட்டிட்டோம். ஆனா நீ என் கையப் பிடிச்சுக்கிட்டு, "இதுதான்க்கா கடைசி, வேற வழியே இல்ல"ன்னே. இல்லன்னு எப்படிடா சொல்லுவேன்?

— இன்னைக்கு அதைச் சொல்லத்தான் வந்தியா?

— ஆமா. நீ பழைய தயிர்ல உறை ஊத்தினேன்னதும், பழிய உன் தலையில போட்டுட்டுத் தப்பிச்சுக்கலாம்னு தோணிடுச்சு. கேடுகெட்ட புத்தி.

— நான் பூனையச் சொன்னப்போ அதை நம்பினியாக்கா?

— நம்பினேன். வெறும் தயிருக்கே எந்திரிச்சுட்டாங்கன்னா மேல எவனோ இருக்கான்னுகூட நெனச்சேன்.

— லேப்ப எப்போ மூடினாங்க?

— உனக்குக் குழாய் குடுக்கிறதுக்கு முன்னாடியே.

— இரு அக்கா... தினமும் சாயங்காலம் போன் எடுத்ததும், "இப்போதான்டா வேலை முடிஞ்சு வரேன்"னு சொல்லுவியே. வேலையே இல்லன்னா பகல் பூரா எங்க இருந்தே?

— படுத்துக் கிடந்தேன்டா. சுவத்துப் பக்கம் திரும்பி. அம்மா எந்திரிச்சாங்கன்னு நீ சொல்றதக் கேக்க மட்டும் எந்திரிப்பேன்.